வரப்போகிறவர்கள் கட்டடம்

இந்தக் காலத்து மனுஷர்களுக்கு வந்ததைப் பற்றிக் கவலை கிடையாது. வரப்போவதைப் பற்றித்தான் கவலை. எதிரே நிற்கிறவனைப் பார்த்து "நல்லா இருக்கியா" என்று கேட்கிற வழக்கமே ஒழிந்துபோயிற்று. மழை பெய்கிறதா என்று ஜன்னலைத் திறந்து பார்க்க ஆள் இல்லை. கைபேசியைப் பார்க்கிறான். தலை நனைந்து, சட்டை முதுகோடு ஒட்டி, மூக்கு நுனியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும்போதே "இன்னிக்கு மழை இல்லையாம்" என்று படித்துச் சொல்கிறான். சொல்லிவிட்டு, குடை வைத்திருக்கிறவனைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு.

இது பிரேக்குக் கிழவரின் அபிப்பிராயம். ஆயுளில் பாதியை லாரியில் கழித்தவர். யார் என்ன பேச ஆரம்பித்தாலும் "நிறுத்து" என்றுதான் வாயைத் திறப்பார். அதனால் லாரி ஷெட்டில் வைத்த பெயர் பிரேக்கு. ஷெட்டை விட்டு வந்த பிறகும் பெயர் கூடவே வந்துவிட்டது. மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவர். நம்பர் பிளேட் படிப்பார், படம் பார்த்துப் புரிந்துகொள்வார். அதற்கு மேல் எழுத்து என்று வந்தால் மகளிடம் நீட்டிவிடுவார். அவள் படித்துச் சொன்னதையும் நம்பமாட்டார்.

மகளுக்குச் சின்ன வயசிலேயே சர்க்கரை. வயசான காலத்தில் வந்து மாத்திரையோடு போகிற ரகம் இல்லை. ஊசி இல்லாமல் ஒரு நாள் ஓடாத ரகம். அது என்னவென்று தெரிவதற்குள் பிள்ளை மயங்கி விழுந்துவிட, லாரியின் முன் சீட்டில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு வந்தார் கிழவர். பிழைத்தது மறுபிறவி. இப்போது அவள் ஒரு பெரிய கடையில் பில் போடுகிறாள், கல்யாணம் ஆகி ஒரு பெண்ணும் இருக்கிறாள். மருமகன் கப்பல் வேலை, வருஷத்தில் பாதி கடலில். பேத்தியை வளர்ப்பது கிழவர்தான். ஒல்லியாய், கறுப்பாய், சுருக்கென்று பேசுகிற அந்தப் பெண்ணுக்கு அவர் வைத்த பெயர் மிளகு.

அதே ஆஸ்பத்திரி வளாகத்தில் புதிதாய் ஒரு கண்ணாடிக் கட்டடம் எழும்பியது. முன்னறிதல் மையம். இந்த ஊசி ரகச் சர்க்கரை யாருக்கு வரும் என்பதை, வருவதற்கு முன்னாலேயே ரத்தத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார்களாம். ஏற்கெனவே ஒருவருக்கு இருக்கிற குடும்பத்தில் மற்றவர்களுக்கும் வர வாய்ப்பு அதிகம் என்பதால், அந்தக் குடும்பங்களைத் தேடிப் பிடித்தார்கள். பக்கத்தில் பழைய கட்டடம் ஒன்று காரை பெயர்ந்து நின்றது. வியாதி வந்தவர்களுக்கு வைத்தியம் பார்ப்பது அங்கேதான். இரண்டுக்கும் நடுவில் ஒரு பூங்கா. பூங்காவில் செடி வெட்டுகிற தோட்டக்காரர் இரண்டையும் தன் வசதிக்குப் பெயர் வைத்திருந்தார். பழையது வந்தவங்க கட்டடம். புதியது வரப்போறவங்க கட்டடம். வழி கேட்கிறவர்கள் எல்லோருக்கும் அவர் அப்படித்தான் சொல்லி அனுப்புவார், ஒருவரும் தப்பாய்ப் போனதில்லை.

மகள் பிடிவாதமாய் மிளகை அங்கே கூட்டிக்கொண்டு போனாள். எனக்குத் தெரியாமப் போச்சு, என் பிள்ளைக்காவது தெரியட்டும் என்றாள். கூட வந்த பாவத்துக்குக் கிழவரின் கையிலும் ஊசி குத்தினார்கள். நோயாளியின் தகப்பனாராம், அவர் ரத்தமும் வேண்டுமாம். "எனக்கு வர்றதா இருந்தா இத்தனை வருஷம் வழி தெரியாம சுத்திக்கிட்டிருக்குமா?" என்று கேட்டார். நர்ஸ் பஞ்சை அழுத்தினாள்.

முடிவு வந்தது. மிளகின் ரத்தத்தில் இருக்கக்கூடாதது ஒன்றல்ல, இரண்டு இருந்தது. ஆலோசகர் என்று ஒரு அம்மாள், மெல்லிய குரல், கழுத்தில் அடையாள அட்டை. உடம்புக்குள் காவல்காரர்கள் இருக்கிறார்கள், வெளியிலிருந்து வருகிற கிருமியை அடித்து விரட்டுவது அவர்கள் வேலை என்று விளக்கினாள். சில பேர் உடம்பில் மட்டும் அந்தக் காவல்காரர்கள், சொந்த வீட்டு ஆளையே திருடன் என்று நினைத்து அடிக்க ஆரம்பித்துவிடுவார்களாம். சர்க்கரையை அடக்குகிற சுரப்பி அடிபட்டு அடிபட்டுக் கடைசியில் படுத்துவிடுமாம்.

"அப்ப அந்தக் காவல்காரனை வேலையை விட்டுத் தூக்கிட வேண்டியதுதானே?"

"அது எங்க வேலை இல்லீங்க ஐயா. எத்தனை பேர் மாறியிருக்காங்கன்னு எண்ணுறதுதான் எங்க வேலை."

அப்புறம் ஒரு சின்ன விழா. மிளகின் மணிக்கட்டில் மஞ்சள் பட்டை ஒன்றைக் கட்டினார்கள்; ஒருமுறை மாட்டினால் கழற்ற முடியாத ரகம். உயர் ஆபத்தாளர் என்று அதில் எழுதியிருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். மிளகும் தட்டினாள்.

அன்றிலிருந்து அந்தக் கட்டடத்தில் அவர்களுக்கு மெத்தை வைத்த நாற்காலி. ஆபத்து கொஞ்சமாய் இருக்கிறவர்களுக்கு, பச்சைப் பட்டைக்காரர்களுக்கு, பிளாஸ்டிக் நாற்காலி. ஆபத்தே இல்லை என்று வந்தவர்கள் சுவரோரம் நிற்கவேண்டும். கொஞ்ச நேரத்தில் அவர்களாகவே வெட்கப்பட்டு வெளியே போய்விடுவார்கள். மெத்தை நாற்காலித் தாய்மார்களுக்குள் ஒரு தோரணை வந்துவிட்டது. என் பையனுக்கு மூணு இருக்கு, உங்க பொண்ணுக்கு ரெண்டுதானே என்று ஒருத்தி கேட்க, எங்களுக்கும் அடுத்த தடவை ஏறும்னு சொல்லியிருக்காங்க என்று இன்னொருத்தி விட்டுக்கொடுக்காமல் சொன்னாள். கிழவர் காதில் இது விழுந்து, தன் காதையே ஒருமுறை தேய்த்துக்கொண்டார்.

மையத்துக்குச் சட்டதிட்டங்கள் நிறைய. அதில் ஒன்று, வீட்டில் பிள்ளைக்குச் சர்க்கரை பார்க்கக்கூடாது. விரலில் குத்திப் பார்க்கிற மீட்டர் மகளின் கைப்பையில் எப்போதும் இருக்கும். அவளுக்கே தினமும் வேண்டுமே. ஆனால் ஆபத்தாளருக்கு அவரவர் வீட்டில் பார்த்தால் பிள்ளை பயப்படும், மையத்தின் கணக்கும் கலைந்துபோகும், குறித்த தேதியில் நாங்களே முறைப்படி பார்ப்போம் என்று சொல்லியிருந்தார்கள். மகள் தலையாட்டிவிட்டு வந்திருந்தாள்.

பிறகு கொஞ்ச நாளில் வெயில் ஏறியது. மிளகு தண்ணீர்ப் பாட்டிலோடு அலைந்தாள். குடித்தாள், ஒன்றுக்குப் போனாள், வந்து மறுபடியும் குடித்தாள். கன்னம் ஒட்டியது. ஓடிப்பிடித்து விளையாடுகிறவள், செருப்பைப் போட்டுக்கொள்ளவே சோம்பி வாசல்படியில் உட்கார்ந்தாள். கிழவர் இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் மகள் கடையிலிருந்து வந்ததும் சொன்னார்.

"வெயில்ப்பா" என்றாள் அவள்.

"உனக்கு வந்தப்பவும் நான் வெயில்னுதான் நெனச்சேன்."

அவள் கைப்பையை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். நாளைக்குத்தானே மையத்துக்குப் போகணும், அவங்க பாத்துக்குவாங்க, அவங்களுக்குத் தெரியாததா என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். அவளுக்குக் குத்திப் பார்க்கப் பயம் என்று கிழவருக்கு விளங்கிற்று. அந்த எண்ணை அவள் தன் கண்ணால் பார்க்கவேண்டாம் என்றுதான் அவரும் வாயை மூடிக்கொண்டார். "நிறுத்து" என்று சொல்லாமல் அவர் விட்ட பேச்சு அது ஒன்றுதான்.

மறுநாள் கடையில் சரக்குக் கணக்கெடுப்பு. மகளுக்கு லீவு இல்லை. கிழவர் மிளகைக் கூட்டிக்கொண்டு போனார்.

அன்றைக்கென்று மையத்தின் ஆண்டுவிழா. வாசலில் பலூன், நடுக்கூடத்தில் மேடை, மைக். மேலிடத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருகிறார், மையத்தைத் தொடர்ந்து நடத்துவதா மூடுவதா என்று அவர்தான் முடிவு செய்யவேண்டும் என்று பேச்சு. ஆலோசகர் அம்மாளின் மெல்லிய குரல் அன்றைக்கு இன்னும் மெலிந்திருந்தது.

மிளகு மெத்தை நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து பாட்டிலைக் காலி செய்தாள். கூடத்து மூலையில் இருந்த தண்ணீர்க் குழாயில் கிழவர் நிரப்பிக்கொண்டு வந்தார். அதையும் காலி செய்தாள். ஒன்றுக்கு என்றாள். போய் வந்தாள். தண்ணீர் என்றாள். மறுபடி நிரப்பிக்கொண்டு வந்தபோதுதான் கிழவர் அந்தப் படத்தைப் பார்த்தார்.

பேத்தியின் தலைக்கு மேலே சுவரில், கண்ணாடி போட்டு, ஆள் உயரத்தில் மாட்டியிருந்தது. அதில் ஒரு பெண் பிள்ளை பெரிய குவளையில் தண்ணீர் குடித்தது. பக்கத்துக் கட்டத்தில் கழிப்பறைக்கு ஓடியது. அதற்கடுத்ததில் கால்சட்டை இடுப்பில் நிற்காமல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் மேசையில் தலையைச் சாய்த்துத் தூங்கியது. கிழவர் படத்தைப் பார்த்தார். கீழே பார்த்தார். மறுபடி மேலே பார்த்தார். வரைந்தவன் இவளை உட்காரவைத்து வரைந்தமாதிரி இருந்தது.

ஆலோசகர் அம்மாளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து, படத்தையும் காட்டிப் பிள்ளையையும் காட்டினார்.

"நல்லா வந்திருக்கில்ல? நாங்க வெளியூர்ல சொல்லி வரையவெச்ச படம்" என்றாள் அவள்.

"படம் கிடக்கட்டும்மா. கீழ பாரு."

அவள் கீழே பார்த்தாள். பட்டையைத்தான் பார்த்தாள். "ஐயா, அந்தப் படம் பொதுமக்களுக்கு. அவங்களுக்குத்தான் விழிப்புணர்வு வேணும். நீங்க பொதுமக்கள் இல்லீங்க, பதிவானவங்க. உங்களுக்கு விழிப்புணர்வு ஏற்கெனவே குடுத்தாச்சு."

ஒரு சொட்டு ரத்தம் எடுத்து இப்போதே சர்க்கரை பார்க்கச் சொன்னார் கிழவர். அவள் சங்கடப்பட்டாள். இந்தக் கட்டடத்தில் மீட்டர் கிடையாது என்றாள். அது சர்க்கரை வந்தவர்களுக்கான கருவி. இது வராதவர்களுக்கான மையம். ஒரு காலத்தில் மேசையில் ஒன்று இருந்ததாம். பார்க்கிற ஆபத்தாளர்களுக்கு மனக்கலக்கம் வருகிறது என்று இயக்குநரே எடுக்கச் சொல்லிவிட்டாராம்.

"அப்ப இங்க என்னதான் பாப்பீங்க?"

"வருமான்னு பாப்போம்."

"வந்துடுச்சுன்னு சொல்றேன்."

"அத நீங்க சொல்லக்கூடாதுங்க ஐயா. இந்தப் பொண்ணு இப்ப ரெண்டாம் படியில இருக்கு. மூணாம் படிதான் வியாதி, அதுக்கு அடுத்த மாசம்தான் தேதி குடுத்திருக்கோம்."

கிழவர் அவளை விட்டுவிட்டு மிளகைத் தோளில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு பூங்காவைக் கடந்தார். தூக்கியபோது கை அசந்துபோயிற்று. பாரத்தினால் அல்ல, பாரம் இல்லாததினால். பழைய கட்டடத்தில் கூட்டம். பதிவு ஜன்னலில் இருந்தவன் மிளகின் பட்டையை ஒரு கருவியில் காட்டினான். கருவி ஒருமாதிரி கத்தியது. திரையைப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தான்.

"பெரியவரே, இது வரப்போறவங்க கணக்குல இருக்கு. அங்க இருக்கிறவரைக்கும் இங்க ஏத்த முடியாது. ஒரே ஆள் ரெண்டு பக்கமும் இருந்தா கம்ப்யூட்டர் ஒத்துக்காது. அங்க போய் விடுவிச்சிட்டு வாங்க."

"யாரு விடுவிக்கணும்?"

"இயக்குநர். அவர் கைரேகை வெச்சாத்தான் விடும்."

மறுபடி பூங்கா. தோட்டக்காரர் கத்தரியை நிறுத்திவிட்டு இவர்கள் போவதையும் வருவதையும் பார்த்தார். இத்தனை வருஷத்தில் இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் ஒரு ஆள் திரும்பி நடந்து அவர் பார்த்ததில்லை.

இயக்குநர் மேடைப் படிக்குக் கீழே நின்று பேச்சை வாய்க்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டு, பளபளவென்று பூட்ஸ், நல்ல மனுஷர் முகம். கிழவர் சொன்னதை முதலில் அவர் கேட்கவில்லை. "தண்ணி தாகம்" என்ற இடத்தில் நிமிர்ந்தார். "ஒன்றுக்குப் போவது" என்ற இடத்தில் கண் பெரிதாயிற்று. "இளைச்சுட்டா" என்றதும் கிழவரின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார்.

"நிஜமாவா? எங்க மஞ்சள் பட்டையா? ஐயா, இன்னிக்குப் பாத்து வந்திருக்கீங்களே!"

கிழவர் முதல்முறையாய் ஒரு மனுஷன் கேட்டுக்கொண்டானே என்று மூச்சு விட்டார். கைரேகை வெச்சு விடுங்க சார், அந்தப் பக்கம் தூக்கிட்டு ஓடறேன் என்றார். கட்டாயம், கட்டாயம் என்று சொல்லிக்கொண்டே இயக்குநர் மிளகின் பட்டைக் கையைப் பிடித்து, படி ஏற்றி, மேடையில் நடுநாயகமாய் உட்காரவைத்தார். கிழவரும் பின்னாலேயே ஏறினார். மேலிடத்து அதிகாரி மாலையோடு உட்கார்ந்திருந்தார். மைக்கு கீச்சிட்டு அடங்கியது.

"மதிப்புக்குரிய மேலதிகாரி அவர்களே! ஆபத்தாளப் பெருமக்களே! இந்த மையம் தொடங்கி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனையோ குழந்தைகளுக்கு வரும், வரும் என்று நாம் சொன்னோம். உண்மையைச் சொல்கிறேன், ஒருவருக்கும் வரவில்லை. குழந்தைகள் பிடிவாதமாக நலமாகவே இருந்தார்கள். எவ்வளவு வேதனை! நாம் சொன்னது பொய்யா என்று ஊர் கேட்டது. மேலிடம் கேட்டது. என் வீட்டிலேயே கேட்டார்கள். ஆனாலும் நாம் நம்பிக்கை இழக்கவில்லை. ஒவ்வொரு குழந்தையையும் கண்ணுங்கருத்துமாகக் கவனித்துக் காத்திருந்தோம். இதோ, அந்த நாள் வந்துவிட்டது. இந்தச் சின்னஞ்சிறு பெண் நம்மைக் கைவிடவில்லை!"

கைதட்டல் கூரையை இடித்தது. மெத்தை நாற்காலித் தாய்மார்கள் எழுந்து நின்று தட்டினார்கள்; மூன்று இருக்கிற பையனின் தாய் மட்டும் கொஞ்சம் மெதுவாய்த் தட்டினாள். மிளகு மேடையில் தலை தொங்க உட்கார்ந்திருந்தாள். "தாத்தா, தண்ணி" என்றாள். மைக்கு பக்கத்தில் இருந்ததால் கூடம் முழுக்கக் கேட்டது. அதற்கும் தட்டினார்கள்.

அதிகாரி இயக்குநரின் காதில் ஏதோ கேட்டார். இயக்குநர் மறுபடி மைக்கைப் பிடித்தார். மேலதிகாரி அவர்கள் நியாயமான கேள்வி எழுப்பியிருக்கிறார், நிரூபணம் வேண்டும் என்கிறார், விஞ்ஞானத்தில் முறை முக்கியம் என்றார். முறை என்னவென்றால், ஆபத்தாளருக்கு ஒரு குவளை சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, இரண்டு மணி நேரம் உட்காரவைத்து, பிறகு ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பவேண்டும். பதில் வர ஒரு வாரம். அதுவரை விடுவிக்க முடியாது; விடுவித்துவிட்டால் பழைய கட்டடத்துக்காரர்கள் தாங்களே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்வார்கள்.

ஆலோசகர் அம்மாள் தட்டில் குவளையைக் கொண்டுவந்தாள். குவளையில் ரிப்பன் கட்டியிருந்தது. மிளகு இரண்டு கையையும் நீட்டினாள். தாகத்தில் இருக்கிற பிள்ளைக்கு எந்தத் தண்ணீராய் இருந்தால் என்ன.

"நிறுத்து" என்றார் கிழவர்.

அவர் அதைச் சொன்ன விதத்தில் மைக்கே ஒருமுறை அடங்கிற்று. குவளையைப் பிடுங்கி, மேடையோரம் அலங்காரத்துக்கு வைத்திருந்த பூந்தொட்டியில் ஊற்றினார். பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

"ஐயா, நிரூபணம்!" என்றார் இயக்குநர்.

"பூச்செடிக்கு வருதான்னு பாரு" என்றார் கிழவர்.

கண்ணாடிக் கதவில் இரண்டு காவல்காரர்கள் கையை விரித்து வழி மறித்தார்கள். மஞ்சள் பட்டை போட்டவர்களை அனுமதி இல்லாமல் வெளியே விடக்கூடாது, அவர்கள் பாதுகாப்புக்காகத்தான் என்றான் ஒருவன். மற்றவன் மிளகின் காலைப் பிடித்தேவிட்டான். கிழவர் அவன் முகத்தைப் பார்த்தார். அந்த அம்மாள் அன்றைக்குச் சொன்னது இப்போதுதான் அவருக்குத் தெளிவாய் விளங்கியது.

"ஓ, நீதானா அது" என்றார். என்ன சொல்கிறார் என்று புரியாமல் அவன் கையை எடுத்த இடைவெளியில், லாரியைச் சந்துக்குள் நுழைக்கிறவர் போலத் தோளை ஒருக்களித்து வெளியே வந்துவிட்டார்.

பூங்காவின் நடுவில் வந்து நின்றார். பழைய கட்டடத்துக்குப் போனால் கருவி கத்தும். திரும்பினால் குவளை. மிளகின் மூச்சு கழுத்தில் சூடாய் வேகமாய் இடித்தது. வாயிலிருந்து அழுகின பழம் மாதிரி ஒரு வாசனை. அந்த வாசனையை அவர் இதற்கு முன் ஒரே ஒரு தடவை, லாரியின் முன் சீட்டில், முகர்ந்திருக்கிறார். 

தோட்டக்காரர் எழுந்து வந்தார். "என்ன பெரியவரே, ரெண்டு பக்கமும் விடலையா?"

கிழவர் பேத்தியின் கையை நீட்டினார். "இத வெட்டு."

"வெட்டினா அந்தப் பொண்ணு யாருன்னு யாருக்கும் தெரியாதே?"

"அதான் வேணும்."

வேலி வெட்டுகிற பெரிய கத்தரி. தோட்டக்காரர் அதன் நுனியை மட்டும் பட்டைக்கும் தோலுக்கும் நடுவில் மெல்ல நுழைத்தார். கழற்றவே முடியாத பட்டை ஒரே வெட்டில் புல்லில் விழுந்தது.

கிழவர் இந்தத் தடவை பதிவு ஜன்னலுக்குப் போகவில்லை. பின்பக்கம் அவசர சிகிச்சை வாசலில் நுழைந்தார். சிஸ்டர் ஒருத்தி ஓடி வந்து பிள்ளையை வாங்கிக் கட்டிலில் போட்டாள். எங்கே பார்க்கிறீர்கள், ஏதாவது பதிவு உண்டா என்று கேட்டாள். ஒண்ணும் இல்லம்மா, ரோட்டோட போனவங்க என்றார் கிழவர். தண்ணியா குடிக்கிறா, ஒன்றுக்கே போறா, இளைச்சுட்டா என்று படத்தில் இருந்த வரிசையிலேயே சொன்னார். சிஸ்டர் அதற்குள் பிள்ளையின் விரலில் குத்திவிட்டாள். மீட்டரில் எண் வரவில்லை. அளக்கிற எல்லையைத் தாண்டிவிட்டது என்பதற்கு இரண்டு எழுத்துதான் வந்தது. அவள் அதை ஒருமுறை பார்த்துவிட்டுக் கூவி டாக்டரை அழைத்தாள். அப்புறம் திரை போட்டுவிட்டார்கள்.

திரைக்கு வெளியே கிழவர் நின்றார். உள்ளே பாட்டில் தொங்கவிடுகிற சத்தம், தட்டில் கத்தரி விழுகிற சத்தம். ஜன்னல் வழியே பூங்காவைத் தாண்டி ஒலிபெருக்கி கேட்டது. மஞ்சள் பட்டைச் சிறுமி எங்கிருந்தாலும் உடனடியாக மேடைக்கு வரவும். மேலதிகாரி காத்திருக்கிறார். மஞ்சள் பட்டைச் சிறுமி எங்கிருந்தாலும்.

செய்தி கேட்டு மகள் கடைச் சீருடையோடு ஓடி வந்தாள். திரையை விலக்கிப் பார்த்தாள். கைப்பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். நேத்தே பாத்திருக்கணும்ப்பா என்றாள்.  கிழவர் பக்கத்தில் முட்டியை மடக்கி உட்கார்ந்து, அந்தக் கைப்பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

விடியும்போது மிளகு கண்ணைத் திறந்தாள். பசிக்குது என்றாள். கிழவர் வெளியே போய் நெடுநேரம் மூக்கைச் சிந்திவிட்டு வந்தார்.

வார்டுக்கு மாற்றிய பிறகு இயக்குநர் பூங்கொத்தோடு வந்தார். பின்னால் ஆலோசகர் அம்மாள், கையில் வெட்டுப்பட்ட மஞ்சள் பட்டை; புல்லில் கண்டெடுத்தார்களாம். இயக்குநர் முகம் வாடியிருந்தது. குழந்தை நலம் என்று கேட்டுச் சந்தோஷப்பட்டதாகச் சொன்னார். ஆனால் பட்டை வெட்டுப்பட்ட நேரத்திலிருந்து கணினி அவளை இடையில் விலகியவர் என்று எழுதிவிட்டதாம். விலகியவர்களுக்கு வந்தால் அது மையத்தின் வெற்றியில் சேராதாம். "நூற்றுக்கு நூறு சரியாகச் சொன்னோம், யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியவில்லை" என்றார். குரல் உண்மையிலேயே தழுதழுத்தது. ஒரே ஒரு நிமிஷம் இந்தப் பட்டையை ஒட்டவைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"எனக்கு மஞ்சள் புடிக்காது" என்று சொல்லி மிளகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

மகள்தான் அவர்களுக்காக இரங்கினாள். அவர்கள் போய் வாசலில் நின்றதும் கிழவரிடம் தணிந்த குரலில் சொன்னாள். "அவங்க சொல்லலைன்னா நீயும் நானும் இன்னும் வெயில்னுதான் சொல்லிக்கிட்டிருப்போம்ப்பா. எனக்கு மூணு நாள் நினைவே இல்ல. இவ மறுநாளே பசிக்குதுன்னா. முன்னாடியே தெரிஞ்சதாலதானே?"

கிழவர் யோசித்தார். அவள் சொல்வதில் நியாயம் இருந்தமாதிரிதான் இருந்தது. அதுதான் அவருக்கு எரிச்சல்.

"சொன்னாங்க. இல்லைங்கல. சொல்லி முடிச்சிட்டு, நாம திருப்பிச் சொன்னப்ப கேக்கத்தான் ஆளில்ல."

தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். வராந்தாவில் ஆலோசகர் அம்மாள் பின்தொடர்ந்து வந்தாள். சங்கடத்தோடு ஒரு விஷயம் என்றாள். முதல் நாள் மிளகோடு சேர்த்து எடுத்த ரத்தத்தில் ஐயாவின் முடிவும் தாமதமாய் இப்போது வந்துவிட்டது. அவருக்குள்ளும் இருக்கிறதாம். இரண்டு. இந்த வயசில் இது அபூர்வம், இயக்குநர் மிகவும் ஆவலாய் இருக்கிறார், மெத்தை நாற்காலி உண்டு. பையிலிருந்து புதிய மஞ்சள் பட்டை ஒன்றை எடுத்தாள்.

"எனக்கு வருமா?"

"வர வாய்ப்பு அதிகங்க ஐயா."

"எப்ப?"

"அது சொல்ல முடியாது. வராமலும் போகலாம்."

"இதத்தான் எங்க ஷெட்டுல நாலு பேரு பெஞ்சில உக்காந்து சும்மாவே சொல்லிக்கிட்டிருப்பானுங்க."

அவள் பட்டையை நீட்டியபடியே நின்றாள். 

"வெச்சுக்கம்மா. வந்துச்சுன்னா நேரா இந்தக் கட்டடத்துக்கு வந்துக்கறேன். இங்க மீட்டர் இருக்கு."

பூங்காவைத் தாண்டி ஆஸ்பத்திரி வாசல் பக்கம் நடந்தார். தோட்டக்காரர் குழாயடியில் வாளி நிரப்பிக்கொண்டிருந்தவர், பிள்ளை எப்படி என்று கண்ணாலேயே கேட்டார். கிழவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பாட்டிலை நிரப்பிவிட்டு, வெயிலில் நடந்த களைப்பில் குழாயில் வாய் வைத்து இரண்டு மடக்குக் குடித்தார். தொண்டை இன்னும் கேட்டது. இன்னொரு மடக்குக் குடிக்கக் குனிந்தவர் பாதியில் நின்றார். இது வெறும் தாகமா, அதுவா?

கொஞ்ச நேரம் குழாய் பாட்டுக்கு ஒழுகியது.

"தண்ணி குடிக்கிறதையும் கெடுத்துட்டானுங்க" என்று உரக்கச் சொன்னார். வீம்புக்கு இன்னும் இரண்டு மடக்குக் குடித்தார், வாயைத் துடைத்தார். கண்ணாடிக் கட்டடத்தின் பக்கம் திரும்பிப் பார்க்காமலே பாட்டிலோடு வார்டுக்கு நடந்து போனார்.